ரொறன்ரோக்காரர் போட்ட வெளிச்சம்

கத்தரின் வெளிச்சம் படிக்கிறாள் என்ற செய்தி மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் பரவியதும், அவள் வீட்டுக் கதவடிக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு பழுதான ரியூப்லைற். கொண்டுவந்தவர் மேல்மாடியில் குடியிருக்கும் விமலநாதன். "பிள்ளை, எங்கட குசினியில இது மின்னி மின்னி எரியுது. உமக்கு இப்ப இதுதானே படிப்பு" என்று சுவரோடு சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். கத்தரினுக்கு ரியூப்லைற் திருத்தத் தெரியாது. அவளுடைய கணவன் ஞானேந்திரன்தான் ஏணி வைத்து ஏறி ஸ்ராற்றரை மாற்றிக் கொடுத்தான். அடுத்த நாள் விமலநாதன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்: "படிப்பெண்டா இதுதான் படிப்பு. கை வைச்ச உடன எரியுது." அதற்குப் பிறகு மேசை விளக்குகள் வந்தன, நத்தார் மரத்துச் சோடனை விளக்குகள் வந்தன, ஒருமுறை மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றும் வந்தது.

அவள் உண்மையில் படித்தது கட்டட ஒளியமைப்பு, அதுவும் முதுநிலைப் படிப்பு. இதை விளக்கப் போய் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் சபைத் தலைவர் செபமாலை ஒருநாள் பூசை முடிந்து வாசலில் மறித்துக் கேட்டார். "கட்டடத்துக்குள்ள வெளிச்சம் எங்க விழவேணும், எங்க விழக்கூடாது எண்டு படிக்கிறது, அண்ணை" என்றாள். "விழக்கூடாது எண்டதுக்கும் படிப்போ? லைற்றை நூத்தாச் சரிதானே?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே அவருக்கு விளங்கவில்லை.

கத்தரின் கொழும்புப் பக்கம் மொறட்டுவையில் கட்டடக்கலை படித்தவள். தொண்ணூறாம் ஆண்டு, சண்டை மறுபடி மூளுவதற்கு இரண்டு மாதம் முன்னால் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவள் பிறகு திரும்பவில்லை. தொண்ணூற்றெட்டில் மொன்றியலுக்கு வந்தாள். அவளுடைய பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று அரசாங்கம் அழகான தாளில் ஒரு கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. ஆகவே ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியனின் மரக்கறிக் கடையில் தக்காளி தெரிந்தெடுக்கும் வேலைக்குப் போனாள். அந்த இத்தாலியன் தக்காளி அடுக்கிய பக்கத்துக்கு மட்டும் சிவப்புத் துணிக் கூரை போட்டிருந்தான். பச்சைத் தக்காளிகூட அதன் கீழே வெட்கப்பட்டுச் சிவந்து நிற்கும். பல்கலைக்கழக நேர்முகத்தில் "வெளிச்சம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோது கத்தரின் இந்தத் துணிக் கூரையைச் சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது.

அது இரண்டாயிரத்து இரண்டு. இரண்டு வருடப் படிப்பு. மகள் மெலனிக்குக் கார்டரீ என்னும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் ஒரு வருடம் போனது. ஞானேந்திரனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதில் இன்னொரு வருடம் போனது. தவணை கேட்டுக் கேட்டுக் கடைசித் தவணைக்கு வந்து நின்றாள். இரண்டாயிரத்து ஆறு, ஏப்ரல் முப்பது. அதற்குள் ஆய்வு முடிந்து நடுவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அவளுடைய கோவையை மூடிப் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒளியமைப்பு அலுவலகம், முடித்த கையோடு வா என்று சொல்லி வைத்திருந்தது. முடிக்காவிட்டால் தக்காளிதான். முப்பத்தைந்து வயதில், இதுதான் கடைசி வண்டி என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய பேராசிரியர் திபோ என்று ஒருவர். எப்போதும் கறுப்பு உடுப்புத்தான் போடுவார். இன்றைய மனிதன் இருட்டைத் தொலைத்துவிட்டான், அதை மீட்டுக் கொடுப்பதே நம் கடமை என்பார். அவருடைய அறையில் ஒரேயொரு மேசை விளக்கு, அதுவும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். உள்ளே போகிற மாணவர்கள் எல்லாரும் முழங்காலுக்குக் கீழே காயத்தோடு வெளியே வருவார்கள். முதல் வகுப்பில் இருட்டறையில் இருபது நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார். காலை ஐந்து மணிக்கே சந்தைக்குப் போய் வந்திருந்த கத்தரின் நித்திரையாகிப் போனாள். விளக்குப் போட்டதும் மற்ற மாணவர்கள் கதிரைகளில் நெளிந்துகொண்டிருக்க, கண் மூடிக் கிடந்தவளைக் காட்டிப் பேராசிரியர் சொன்னார்: "இவர் மட்டும்தான் இருட்டுக்குள் முழுவதுமாகப் போயிருக்கிறார்."

ஆனாலும் அவளுக்கு அந்தப் படிப்புப் பிடித்துப் போனது. உள்ளபடியே பிடித்தது. சுவரில் சரிந்து விழும் மஞ்சள் வெளிச்சத்தையும் மேசைக்கு மட்டும் கவிந்து நிற்கும் வெளிச்சத்தையும் பார்த்தால் அவளுக்கு மனம் ஆறும். வீட்டில் தேவையில்லாத விளக்குகளை ஒவ்வொன்றாக நூர்த்துக்கொண்டு போவாள். ஞானேந்திரன் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவான். ஏனென்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கல்யாணம் கட்டி எட்டு வருடமானவர்கள் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

ஆய்வுக்கு அவள் தெரிந்தெடுத்த இடம் கோயிலுக்குக் கீழே இருக்கும் நிலவறை மண்டபம். யன்னல் இல்லை. பதினெட்டு ரியூப்லைற்றுகள். அவற்றின் கீழே நல்ல நிறமான மனிதர்கூட மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரித் தெரிவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து சனம் அங்கேதான் தேத்தண்ணியும் றோல்ஸுமாகக் கூடும். முதலில் அரை மணி பழைய ரியூப் வெளிச்சம், பிறகு அரை மணி அவள் அமைக்கும் புது வெளிச்சம். சனம் இரண்டிலும் இருந்து பார்த்து வினாத்தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடவேண்டும். எது நல்லதென்று ஒரு குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்தாள்.

சனவரியில் ஒரு ஞாயிறு. அவளும் ஞானேந்திரனும் காலையிலிருந்தே நின்று, இரவல் வாங்கிய விளக்குகளைச் சுவரோரம் தாழ வைத்து, மேசைகளுக்குச் சிறு விளக்குகள் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியும் பூட்டினார்கள். எல்லாம் சரி. சிக்கல் தாளில் வந்தது. பங்குபற்றுவோர் மனமொப்பிக் கையெழுத்து வைக்கவேண்டுமென்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு நாலு பக்கத்தில் ஒரு படிவம் தந்திருந்தது. "நீங்கள் விரும்பினால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படாது" என்று அதில் இருந்தது. அகதி மனு போட்டவர்களிடம் இப்படி ஒரு வசனத்தைக் காட்டினால் என்ன நடக்கும்? மண்டபம் அப்படியே உறைந்து போனது.

"பாதிப்பு வராதெண்டு ஏன் எழுதியிருக்கினம்? வராதெண்டா எழுதத் தேவையில்லையே" என்றார் விமலநாதன். "இதில கையெழுத்து வைச்சா என்ர கேசுக்கு ஏதும் வருமோ, பிள்ளை?"

கத்தரின் விளக்கினாள். விளக்க விளக்கச் சனம் கதவுப் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் செபமாலை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. இது இமிக்கிறேஷன் இல்லை. இது எங்கட கத்தரினுக்குச் சோதினை. நீங்கள் போடுற புள்ளியிலதான் பிள்ளை பாஸ் பண்ணுறது. அஞ்சுக்குத்தான் புள்ளி. விளங்குதுதானே? எங்கட பிள்ளையை நாங்கள் விட்டுக்குடுக்கலாமோ?"

கத்தரின் ஓடிப் போய், "அண்ணை, அப்பிடியில்லை, உண்மையா எழுதவேணும்" என்று அவர் காதுக்குள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, "உண்மையாய் எழுதவேணுமாம்!" என்று ஒலிவாங்கியில் சொல்லிச் சிரித்தார். மண்டபமும் சேர்ந்து சிரித்தது. கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன.

அடுத்த நாள் மத்தியானம் குசினி மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தாள். அறுபத்தொரு தாள். பழைய வெளிச்சத்துக்கு எல்லாரும் ஐந்து. புது வெளிச்சத்துக்கும் எல்லாரும் ஐந்து. பன்னிரண்டு கேள்விக்கும் ஐந்து. "இந்த வெளிச்சம் இதமாக இருக்கிறதா?" ஐந்து, மிகவும். "கண் கூசுகிறதா?" ஐந்து, மிகவும். "தலையிடி வருகிறதா?" மிகவும். "நெடுநேரம் இருந்து கதைக்க விருப்பமா?" மிகவும். "உடனே வெளியே போகவேண்டும் போலிருக்கிறதா?" மிகவும். தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அல்போன்சம்மா தன் கையெழுத்திலேயே ஏழு தாள் நிரப்பியிருந்தார். அதில் ஒன்று, ஆறு வருடத்துக்கு முன் அடக்கம் செய்த கணவருடையது. தொலைபேசியில் கேட்டதற்கு, "அவர் இருந்திருந்தா அஞ்சுதானே போட்டிருப்பார், பிள்ளை" என்றார் அல்போன்சம்மா. "நீ அவரை அறியாய்."

கத்தரினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இவ்வளவு சனம் அவளுக்காக ஒருமித்து நின்றிருக்கிறது. வேறு எதற்கும் இந்தச் சபை இப்படி ஒருமித்து நின்றதில்லை. பெருநாளுக்கு எந்தச் சமையல்காரனைப் பிடிப்பதென்று தொடங்கிய சண்டையில் விமலநாதனும் செபமாலையும் நாலு வருடமாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த அன்பால் ஆய்வு செத்துப் போனது.

பேராசிரியர் திபோ தாள்களைச் சுவரைப் பார்த்திருந்த விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார்.

"உங்கள் மக்களுக்கு எல்லா வெளிச்சமும் பிடிக்கிறது. எல்லா வெளிச்சத்திலும் தலை வலிக்கிறது" என்றார். "இவர்கள் ஆன்மிக ரீதியாக மிக முன்னேறியவர்களாக இருக்கவேண்டும்."

"இல்லை. அவர்கள் எனக்கு உதவி செய்தார்கள்" என்றாள் கத்தரின்.

"அப்படியானால் மறுபடி செய்யுங்கள். இம்முறை வெளிச்சத்தை அமைத்தவர் யார் என்று சொல்ல வேண்டாம். மறைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. மார்ச் முடிவதற்குள் எனக்குத் தாள்கள் வேண்டும். இல்லாவிட்டால், மதாம், நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை."

யார் என்று சொல்லாவிட்டால் சனம் விடுமா? 'இதுவும் எங்கட பிள்ளையின்ர வேலைதான், வெக்கத்தில சொல்லுறாள் இல்லை' என்று இரண்டு ஐந்தாகப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கிழமை முழுக்க இதையே யோசித்துக்கொண்டு திரிந்தாள். பழுத்த தக்காளியைக் காய்ப் பெட்டிக்குள்ளும் காயைப் பழுத்த தக்காளிப் பெட்டிக்குள்ளும் போட்டு இத்தாலியனிடம் பேச்சு வாங்கினாள்.

வழி காட்டியது ஒரு கல்யாண டிவிடி. சனிக்கிழமை பின்னேரம் அல்போன்சம்மா அதைக் கொண்டு வந்தார். ரொறன்ரோவில் நடந்த அண்ணன் மகளின் கல்யாணம். ஞானேந்திரன் தொலைக்காட்சியில் போட, அல்போன்சம்மா கதிரை நுனியில் வந்து இருந்துகொண்டு தொடங்கினார்.

"பாருங்கோ, பொம்பிளைக்குப் போட்ட ஊதா லைற்றை. கத்தரிக்காய் மாதிரி நிக்கிறா, பாவம். ஐந்நூறு பேருக்கு மண்டபம் எடுத்தவையாம், தேத்தண்ணி ஆறிப் போய்த்தான் வந்தது. அந்தக் கேக்கைப் பாருங்கோ, ஏழு தட்டு, அதில ஆறு தட்டு கடதாசி மட்டை. ரொறன்ரோக்காரருக்கு எல்லாம் வெளிப்பகட்டு."

ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் கூர்மை. பன்னிரண்டு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்ட அதே அல்போன்சம்மா. மொன்றியல் தமிழருக்கு ரொறன்ரோ என்றால் அப்படித்தான். எல்லாருக்கும் அங்கே ஒரு அண்ணன், ஒரு மச்சாள். அங்கே கடை பெரிது, வீடு பெரிது, பிரெஞ்சு படிக்கத் தேவையில்லை, நீங்கள் ஏன் இன்னும் அந்தக் குளிருக்குள் கிடக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்காமல் எல்லார் நெஞ்சிலும் ஒரு கொதி இருந்தது.

கத்தரின் அடுத்த ஞாயிறே செபமாலையைப் பிடித்தாள்.

"அண்ணை, வாற மாதம் இன்னொரு வெளிச்சம் போட்டுப் பாக்க வேணும். இது என்ர இல்லை. ரொறன்ரோவில ஆரோ ஆக்கள் செய்தது. மொன்றியல் சனம் என்ன சொல்லுதெண்டு அறியவேணுமாம்."

"ரொறன்ரோக்காரரோ? எங்களிட்டையோ?" செபமாலை நிமிர்ந்து நின்றார். "வரச்சொல்லு. காட்டுறம்."

பேராசிரியர் சொன்னது மறைக்கலாம் என்று. மறைப்பதற்கும் ரொறன்ரோ என்பதற்கும் இடையில் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் இருக்கிறது. கத்தரினுக்கு அது நன்றாகவே தெரியும். சிறு வயதில் மறைக்கல்வியில் முதற் பரிசு வாங்கியவள். குற்ற உணர்வு ஒரு பக்கம் குத்தத்தான் செய்தது. ஏப்ரல் முப்பது மறுபக்கம் அதைவிடப் பலமாகக் குத்தியது.

மார்ச்சில் அவள் வைத்த விளக்குகள் சனவரியில் வைத்த அதே விளக்குகள்தான். வேறு விளக்கு வாங்க வழியில்லை. கூடுகளின் துணியை மட்டும் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றி, இரண்டு விளக்கை இடம் மாற்றி வைத்தாள். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சனவரியில் யாரும் விளக்கைப் பார்க்கவில்லையே. அவளைப் பார்த்து ஐந்து போட்டுவிட்டு றோல்ஸ் சாப்பிடப் போனவர்கள்தானே எல்லாரும்.

செபமாலை ஒலிவாங்கியில் இரண்டே வசனம் சொன்னார்: "இது ரொறன்ரோக்காரர் செய்து அனுப்பின வெளிச்சம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ."

பதினெட்டு ரியூப்பும் அணைந்தன. சுவரோரம் மஞ்சள் வெளிச்சம் மெல்ல எழும்பியது. அந்தக் கணத்தில் கத்தரினுக்கு அது அழகாகவே இருந்தது. நாலு வருடம் படித்ததெல்லாம் அதில் இருந்தது.

"இதென்ன செத்தவீடோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதோடு திறந்துகொண்டது. றோல்ஸுக்குள்ளே மீனா இறைச்சியா என்று தெரியவில்லை என்றார்கள். சாறிக்கரை மெரூனா மஜெந்தாவா என்று விளங்கவில்லையாம், பிறகு எதற்கு இவ்வளவு விலை கொடுத்துச் சாறி கட்டுவது? தாயொருத்தி தன் பிள்ளை என்று நினைத்து வேறு யாருடைய பிள்ளைக்கோ மூக்குத் துடைத்துவிட்டாளாம். வெளிச்சத்துக்குக்கூடக் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள் ரொறன்ரோக்காரர், கரண்ட் காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்றார் ஒருவர். விமலநாதன் தாளும் கையுமாக நேரே கத்தரினிடம் வந்தார். மனிதருக்கு முகம் சிவந்திருந்தது.

"இதை எழுதும், பிள்ளை. இருட்டில ஆரெண்டு தெரியாமல் செபமாலையோட பத்து நிமிசம் கதைச்சுப்போட்டன். நாலு வருசமாக் கதைக்கிறேல்ல நாங்கள். இப்ப அவன் பேந்தும் கதைக்க வருவான். ஆர் பொறுப்பு?"

கத்தரின் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லும் தன் மேலேயே வந்து விழ, 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக்கொண்டு எழுதினாள். தன் வேலையைப் பற்றி உண்மை கேட்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றும் சுட்டது. நடுவில் ஒருமுறை, நான்தான் செய்தது, நிறுத்துங்கோ என்று கத்திவிடலாமா என்றுகூட இருந்தது.

அல்போன்சம்மா கடைசியாக வந்தார். மற்றவர்களைப் போல உரத்துப் பேசவில்லை.

"ஊரில ஆறு வருசம் கறண்ட் இல்லை, பிள்ளை. நீ அப்ப கொழும்பில. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு, கொஞ்ச எண்ணெயில கொளுத்தி வைப்பம். பிள்ளையள் அதிலதான் படிச்சவை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிடுவார். இஞ்ச வந்து இறங்கின அண்டைக்கு, வீட்டில இருந்த எல்லா லைற்றையும் போட்டுவிட்டு, நடுவில ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தனான். விடியும் வரைக்கும் நூர்க்கேல்ல." அவர் சுவரோர விளக்கைப் பார்த்தார். "ரொறன்ரோக்காரருக்கு இருட்டு வேணுமெண்டா அவை வைச்சிருக்கட்டும். எங்களுக்குக் காணும்."

கத்தரின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்த ஆறு வருடமும் அவள் மொறட்டுவை விடுதியில், தலைக்கு மேலே எரியும் விளக்கின் கீழே இருந்து, வெளிச்சம் கட்டடத்துக்கு என்ன செய்யும் என்று புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. வேறெந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்து ஞானேந்திரனிடம் கேட்டாள். "நீங்களும் ஜாம் போத்தல் விளக்கிலயோ இருந்தனீங்கள்?"

"ஓம். பின்னே?"

"ஒரு நாளும் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே" என்றான் அவன், குசினி விளக்கைப் போட்டுக்கொண்டே. "நீர் நூர்த்துக்கொண்டு போனீர், நான் போட்டுக்கொண்டு வந்தனான்."

அன்று அவள் எந்த விளக்கையும் நூர்க்கவில்லை.

பேராசிரியர் திபோவுக்குத் தாள்களைக் கண்டதும் கால் தரையில் நிற்கவில்லை. ஐம்பத்தெட்டுத் தாள், புது வெளிச்சம் இதமா என்று கேட்டதற்கு எல்லாரும் ஒன்று, இரண்டு. சிலர் சைபர் என்று ஒரு பெட்டி தாங்களே கீறி அதற்குள் சரி போட்டிருந்தார்கள். "அற்புதமான தோல்வி!" என்றார். ஜாம் போத்தல் கதையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். கலைக்கூடம் ஒன்றில் நூறு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்து, சனத்தை நடுவில் நடக்கவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஜாம் போத்தலில் இருந்து வந்தவர்கள் யாரும் அதற்கு நடக்க வரமாட்டார்கள் என்று கத்தரின் மிக மரியாதையான பிரெஞ்சில் சொன்னாள். அவர் அதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆய்வை அவள் தலைகீழாகத் திருப்பி எழுதினாள். மண்டபத்துச் சனத்துக்கு முகம் தெரிய வேண்டும், தட்டுத் தெரிய வேண்டும், சாறி தெரிய வேண்டும். குறைக்கிற விசை அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும், குறைப்பதா இல்லையா என்பது அவர்கள் பாடு. இருட்டுக்கு மரியாதை என்ற அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாள். சனம் எழுதியதையெல்லாம் பிரெஞ்சில் பெயர்த்துப் பின்னிணைப்பில் சேர்த்தாள். ஆய்வு முறை என்ற பகுதியில், "வடிவமைப்பாளரின் அடையாளம் பங்குபற்றியோரிடம் மறைக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, ரொறன்ரோவைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏப்ரல் இருபத்தேழு, நடுவர்கள் முன்னால் போய் நின்றாள். திபோவும் வேறு இருவரும். ஒருவர் எதையும் வாசிக்காமல் வந்து எல்லாவற்றையும் பாராட்டினார். மற்றவர் ஒரு வயதான பொறியியலாளர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்திருந்தாள். பின்னிணைப்பை வாசிக்கும் மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது அவள்தான். பக்கத்துக்குப் பக்கம் சிறு தாள் ஒட்டியிருந்தாள்.

"நாற்பத்தேழாவது தாள்" என்றாள். "ஒரு தையல்காரப் பெண்மணி. இதமா என்ற கேள்விக்கு ஒன்று போட்டுவிட்டுக் கீழே ஒரு வசனம் எழுதியிருக்கிறார். நீங்கள்தான் மொழிபெயர்த்திருக்கிறீர்கள்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். "'எங்கள் கத்தரின் செய்திருந்தால் இது இப்படி இருந்திருக்காது.'"

கத்தரின் அந்த வசனத்தை மொழிபெயர்த்த நாளில் மேசையிலேயே தலையை வைத்துக்கொண்டு அழுதிருந்தாள். எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை அழித்தாள், இரண்டு முறையும் திரும்ப எழுதினாள்.

"இந்தக் கத்தரின் யார்?" என்றாள் பொறியியலாளர் அம்மா.

கத்தரினின் கடவுச்சீட்டில் முதற் பெயர் மேரி. ஆகவே பல்கலைக்கழகத்தில் அவளை மேரி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். நான்தான் என்று சொன்னால், உன் வேலையை உன் வேலை இல்லை என்று ஏன் நினைத்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். ரொறன்ரோ வெளியே வரும். ரொறன்ரோ வந்தால் நெறிமுறைக் குழு வரும். இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. திபோ ஒன்றும் அறியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் கோயிலில் ஒரு பெண்" என்றாள். "அவளும் வெளிச்சம்தான் படிக்கிறாள். சனத்துக்கு அவள் மேல் நல்ல நம்பிக்கை."

"நல்ல வடிவமைப்பாளரா?"

"தெரியாது. இன்னும் படித்து முடிக்கவில்லை."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலால் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒட்டியிருந்த சிறு தாளை உரித்து எடுத்துக் கசக்கிப் பைக்குள் போட்டாள்.

"முடிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.